மூக்கில்லாத மக்ரூன்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஏழு மாதமாக ஓர் எவர்சில்வர் டப்பா உட்கார்ந்திருந்தது. எங்களுடையது இல்லை. மூடியில் கீழ்வீட்டு அக்காவின் மாமனார் பெயரும் ஏதோ ஒரு கல்யாணத் தேதியும் புள்ளிபுள்ளியாக வெட்டியிருக்கும். போன கிறிஸ்துமஸுக்கு அது நிறைய முந்திரிக்கொத்து வைத்துக் கொடுத்தார். அக்காவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது, வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும்தான் என்பது என் மகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏமாத்திட்டாங்க, ஏமாத்திட்டாங்க என்று சொல்லிக்கொண்டே எட்டு தின்றாள்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என் மனைவியிடம் விட்டிருந்தால் பொங்கலுக்குள் நாலு முறுக்கும் இரண்டு அதிரசமும் வைத்துக் கணக்கை முடித்திருப்பாள். நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாடிப்படியில் அக்காவைப் பார்த்தபோது, "இருங்கக்கா, இதுக்கு எங்க ஊர் மக்ரூன் செஞ்சு தர்றேன். கடையில வாங்கினது இல்ல, நானே செய்வேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது என் ஓவனுக்கு வயது நான்கு மாதம். வாழைப்பழ கேக் இரண்டு முறை ஒழுங்காக வந்திருந்தது. அந்தத் திமிர்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு மக்ரூனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. மூன்றே சாமான். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரை சேர்த்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிந்து, விறகு அடுப்பின் இளஞ்சூட்டில் மெதுவாக வேகவிடுவார்கள். வாயில் போட்டால் முதலில் கரையும், அப்புறம் முந்திரி பல்லில் தட்டுப்படும். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள். அவர்களை 1658-ல் டச்சுக்காரர்கள் துரத்திவிட்டார்கள், மக்ரூன் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. ஐரோப்பாவில் பாதாம் போடுகிற இடத்தில் நாங்கள் முந்திரி போடுகிறோம். அந்த முந்திரி மரமும் போர்த்துக்கீசியர் பிரேசிலில் இருந்து கொண்டுவந்து நட்டதுதான். அவர்களுடைய இன்னொரு ஊரான கோவாவில் மஞ்சள்கருவை வைத்துப் பெபிங்கா செய்கிறார்கள். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருந்தால் முட்டையில் ஒரு சொட்டு வீணாகியிருக்காது.

ஆனால் மக்ரூன் என்றால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அதன் உருவம். அடி அகலமாக, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் லேசாகச் சுழித்துக்கொண்டு நிற்கும் ஒரு கூர். சின்ன வயதில் நாங்கள் அதை மூக்கு என்போம். மூக்கைத்தான் முதலில் கடிப்போம். தம்பியின் மக்ரூன் மூக்கை அவன் பார்க்காதபோது கடித்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப வைத்து நான் வாங்கிய அடி தனிக்கதை. படங்களில் கலர் கலராக, வட்டமாக, நடுவில் கிரீம் வைத்து ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கிறதே பிரெஞ்சு மாக்கரான், அது வேறு. அதற்கும் இதற்கும் பங்காளி உறவு உண்டு, பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மாவின் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது அம்மா பக்கத்தில் இரண்டு பாத்திரம் இருக்கும். பெரிய சம்படத்தில் முழு முறுக்கு. சின்னக் குத்துச்சட்டியில் உடைசல். உடைசல் வீட்டுக்கு, முழுசு ஊருக்கு. நாங்கள் மூன்று பிள்ளைகளும் முழு முறுக்கைக் கையில் வைத்துத் தின்றது அடுத்தவர் வீட்டில்தான். கேட்டால், "நம்ம வயித்துக்குள்ள போறதுக்கு மொகம் எதுக்குய்யா? குடுக்குறதுக்குத்தான் மொகம் வேணும்" என்பாள். அந்த வயதில் அது பெரிய அநியாயமாகப் பட்டது. பிறகு நானே சமைக்க ஆரம்பித்த காலத்தில், சுத்த வெளிவேஷம் என்று பட்டது. ருசிதானே முக்கியம், உருவத்தில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் வாதாடியும் இருக்கிறேன்.

சரி, ஜனவரி. பொங்கல் விடுமுறையில் முதல் முயற்சி. நாலு முட்டையின் வெள்ளைக்கரு, இருநூறு கிராம் சர்க்கரை, இருநூறு கிராம் முந்திரி. முந்திரி நைசாக இருந்தால் மக்ரூன் வழவழப்பாக வரும் என்று எனக்கு நானே முடிவுகட்டி, மிக்ஸியில் போட்டு விடாமல் ஓட்டினேன். சட்னி அரைக்கிற கை அது, நிறுத்தத் தெரியவில்லை. திறந்து பார்த்தால் தூள் இல்லை, பிசுபிசுவென்று ஒரு களி. முந்திரியில் இருந்த எண்ணெய் எல்லாம் வெளியே வந்திருந்தது. பரவாயில்லை, எல்லாம் முந்திரிதானே என்று அதை நுரையில் போட்டுக் கலந்தேன்.

வெள்ளைக்கருவில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மீதி ஒரு பங்கு புரதம்தான் அடிக்க அடிக்கக் காற்றைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்து நிற்கிறது. நன்றாக அடித்தால் எட்டு மடங்குவரை பொங்கும். எண்ணெய் அந்தத் தோலுக்கு எமன். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலே நுரை எழும்பாது என்பார்கள், நானோ ஒரு கரண்டி எண்ணெயை என் கையாலேயே உள்ளே தள்ளியிருக்கிறேன். என் கண் முன்னாலேயே நுரை 'உஸ்' என்று அடங்கியது. பிழிந்தால் நிற்கவில்லை. தட்டில் விழுந்த இடத்திலேயே பரந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டது. வெந்ததும் கத்தியால் வெட்டி எடுத்துப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எய்யா, மெட்ராஸ்ல வறட்டி எங்க தட்டுத?"

அதை யாரும் அதிகம் தின்னவில்லை. மகள் மட்டும் பாலில் நனைத்துப் பார்த்தாள்.

இரண்டாவது முயற்சி மார்ச்சில், ஆடிட் வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை முந்திரியை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, சர்க்கரையில் இரண்டு கரண்டியை அதோடு சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டினேன். ரவை மாதிரி உதிரியாக வந்தது. அடிக்கிற பாத்திரத்தையும் பிளாஸ்டிக்கில் இருந்து எவர்சில்வருக்கு மாற்றி, உள்பக்கம் எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துடைத்தேன். நுரை அருமையாக நின்றது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது என்பது சோதனை. என் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்டினேன். மகள் விழட்டும் விழட்டும் என்று காத்திருந்து ஏமாந்தாள்.

கவிழ்த்தது ஓவன். குமிழை 100 டிகிரியில் வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் பந்து மாதிரி உப்பியது. இருபது நிமிடத்தில் பிளந்தது. அரை மணியில் பழுப்பாகிவிட்டது, அடியில் சர்க்கரைப் பாகு கசிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. பிறகு நானூறு ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குமிழில் 100 என்றால் உள்ளே 140. ஓவனின் குமிழை நம்புவது ஆட்டோ மீட்டரை நம்புவது மாதிரி. சூடு கூடியதால் நுரைக்குள் இருந்த காற்று வேகமாக விரிந்திருக்கிறது, அதற்குள் மேல்தோல் இறுகிவிட்டது, வழியில்லாமல் பிளந்துகொண்டு வெளியேறியிருக்கிறது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு குழி.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "கருப்பட்டி நல்லாருக்கே. உடன்குடியா?" என்றாள்.

ஆனால் ருசி? சத்தியமாகச் சொல்கிறேன், ருசி அப்படியே எங்கள் ஊர் மக்ரூன். கொஞ்சம் காரமல் வாசனை கூடுதல், அவ்வளவுதான். மனைவி இரண்டு தின்றுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு. இதையே டப்பாவுல போட்டுக் குடுத்துடலாமே. அந்த அக்கா மக்ரூனையே பார்த்தது இல்லன்னு சொன்னாங்களே, அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள்.

அதுதான் எனக்கு இடித்தது. அக்கா மக்ரூனைப் பார்த்ததில்லை. நான் எதைக் கொடுக்கிறேனோ அதுதான் இனி அவருக்கு மக்ரூன். இந்தப் பிளந்த கருப்பட்டிச் சில்லைக் கொடுத்து 'இதுதான் எங்க ஊர்ப் பலகாரம்' என்றால் நம்பிவிடுவார். தூத்துக்குடியில் கூம்பைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போன அத்தனை மாஸ்டர்களும் என் கனவில் வந்து நின்று கேட்பார்கள். உருவத்தில் என்ன இருக்கிறது என்று பேசிய வாய்க்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பதில் வரவில்லை. டப்பா மேல்தட்டுக்கே திரும்பிப் போனது.

நடுவில் வேறு சிலதும் நடந்தன. அன்னாசிப்பழத்தை அடியில் அடுக்கிக் கவிழ்க்கும் கேக்கில், கவிழ்த்தபோது கேக் வந்தது, அன்னாசி வரவில்லை. பிஸ்கட் ஒன்று தாளம் போட உதவியது. இவை எல்லாம் வீட்டோடு போனவை. மே மாதத்தில் நடந்தது பதினாலு குழந்தைகள் முன்னால்.

மகளுக்கு எட்டாவது பிறந்தநாள். சூரியகாந்தி கேக் வேண்டும் என்றாள். நடுவில் சாக்லேட்டில் விதைகள், சுற்றிலும் மஞ்சள் இதழ்கள், உள்ளே வெட்டினாலும் மஞ்சள். படமே வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். கலர் பொடி போடக் கூடாது என்பது என் கொள்கை. (கொள்கைகள் எல்லாம் ஓவன் வாங்கிய பிறகு வந்தவை.) நம் வீட்டில் மஞ்சள் நிறத்துக்கு என்ன பஞ்சம்? அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. கால் கிலோ மைதாவுக்கு அரை ஸ்பூன் மஞ்சள்தூள். வாசனையை வெனிலா மூடிவிடும் என்று கணக்கு. மாவைக் கரைத்தால் பார்க்கவே ஆசையாக இருந்தது, மாம்பழ மில்க் ஷேக் மாதிரி.

கடைசி நேரத்தில் பேக்கிங் பவுடர் டப்பா காலி. ஆப்ப சோடா இருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் பொங்கவைப்பது. இரண்டு ஸ்பூன் பவுடருக்குப் பதிலாக இரண்டு ஸ்பூன் சோடா போட்டேன். சோடாவுக்கு வீரியம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதும், அதை அடக்கத் தயிரோ எலுமிச்சையோ வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. மணி பதினொன்றரை, நாலு மணிக்குக் குழந்தைகள் வருகிறார்கள். தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் கைக்கு வராது.

கேக் நடுவில் மலை மாதிரி எழும்பி மேலே வெடித்திருந்தது. வழக்கமாக அந்த மேட்டைக் கத்தியால் சீவித் தட்டையாக்க வேண்டும். சீவினால் கேக் சின்னதாகிவிடுமே என்று அப்படியே விட்டேன். சீவியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதே பார்த்திருப்பேன். தோல் பழுப்பாக இருந்தது. நன்றாக வெந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

இதழ்களுக்கு வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்த கிரீம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது என்பதை முன்பே ஒரு முறை அடித்து மோர் மாதிரி ஆனபோது கற்றிருந்தேன். அதனால் வெண்ணெய். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டதும் அச்சு அசல் சூரியகாந்தி நிறம். படுக்கையறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் கேக்கை வைத்து, இரண்டு மணி நேரம் இதழ் இதழாகப் பிழிந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக வந்தது. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவளிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

நாலே கால் மணிக்கு ஹாலுக்குக் கொண்டுவந்தோம். குரோம்பேட்டை, மே மாதம், ஹாலில் ஏசி இல்லை, பதினாலு குழந்தைகள், ஒரு மின்விசிறி. வெண்ணெய் உருக 32, 35 டிகிரி போதும். எங்கள் ஹாலில் அதைவிட அதிகம் இருந்திருக்கும். ஒரு குழந்தையின் அம்மா இன்னும் வரவில்லை, பத்து நிமிடம் பார்ப்போம் என்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் இதழ்கள் முதலில் பளபளத்தன. பிறகு நுனி தொங்கியது. பிறகு, நான் சீவாமல் விட்ட மலைச்சரிவில் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே இறங்கித் தட்டில் படுத்துக்கொண்டன. வரிசையாக, அவசரமில்லாமல். சூரியகாந்தி எங்கள் எல்லாருக்கும் முன்னால் வாடியது.

மனைவி புத்திசாலி. கொண்டுவந்த முதல் நிமிடத்திலேயே, நல்ல பக்கத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி ஒரு படம் எடுத்துவிட்டாள். அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் பார்த்துவிட்டு மூன்று பேர் ஆர்டர் எடுப்பீர்களா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் வெட்டினோம். உள்ளே செங்கல் சிவப்பு. அங்கங்கே சோடா சரியாகக் கரையாத இடங்களில் இன்னும் அடர்த்தியாக, திட்டுத் திட்டாக. ஒரு நொடி யாரும் பேசவில்லை. ஒரு குட்டிப் பெண் மட்டும் நம்பிக்கையோடு, "ஆன்ட்டி, ரெட் வெல்வெட்டா?" என்று கேட்டு ஒரு துண்டை வாங்கிக் கடித்தாள். பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். துணி சோப்பு வாசனை எனக்கே தெரிந்தது.

என் மகள் அழவில்லை. "அப்பா, இது நான் வரைஞ்ச கேக் இல்லை" என்றாள். அவ்வளவுதான். தோழிகளோடு பலூன் உடைக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி வந்திருந்த அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆரத்தித் தண்ணிய ஊத்திப் பெசஞ்சியாய்யா?" என்றாள்.

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதேதான். சுண்ணாம்பு காரம், சோடாவும் காரம். மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவப்பாகும். சட்டையில் சாம்பார்க் கறை பட்ட இடத்தில் சோப்பைப் போட்டதும் ரத்தம் மாதிரி சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! லெபனானில் ஸ்ஃபூஃப் என்று மஞ்சள்தூள் போட்டே ஒரு கேக் செய்கிறார்கள், அழகான மஞ்சளாகவே வருகிறது. அவர்கள் இரண்டு ஸ்பூன் சோடாவைக் கொட்டுவதில்லை. நான் என் மகளுக்கு ஆரத்தியைக் கேக்காகச் சுட்டு வைத்திருக்கிறேன்.

அன்றைக்குத் தன் துண்டை மீதி வைக்காமல் தின்றவர் ஒரே ஒருவர், கீழ்வீட்டு அக்கா. "மஞ்சள் வயித்துக்கு நல்லதுதானே தம்பி" என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் சமையலறை அலமாரியின் மேல்தட்டு நேராகத் தெரியும். டப்பாவும்.

நிறத்துக்கு இவ்வளவு அலட்டல் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் எங்கள் வீட்டு கேசரிக் கதையைச் சொல்வேன். என் கலர் பொடிக் கொள்கையை மதித்து ஒருமுறை மனைவி கேசரியை வெள்ளையாகக் கிண்டினாள். நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் எதிலும் குறையில்லை. வந்திருந்த சித்தப்பா தட்டை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் சட்னி வைம்மா" என்றார். இனிப்பு என்று சொன்ன பிறகும் முதல் வாயை உப்புமாவாகத்தான் தின்றார், முகத்தில் தெரிந்தது. நாக்குக்குப் போவதற்கு முன்னால் கண் ஒரு சேதி அனுப்பிவிடுகிறது. அது தப்பாகப் போனால் நாக்கு பாவம் என்ன செய்யும்?

ஜூலை. அம்மா ஆடி முடியட்டும் என்று இங்கேயே தங்கிவிட்டாள். மே மாதம் அவள் ஊரில் இருந்து வாங்கிவந்த கால் கிலோ மக்ரூனில் ஐந்தை நான் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அதை ரவைத் தூக்குக்குள் ஒளித்து வைத்திருந்தேன். தின்பதற்கு இல்லை, பார்த்துச் செய்வதற்கு. இப்போது முந்திரி சரி, நுரை சரி, சூடும் சரி. பாக்கி மூக்குதான். நெளிநெளியான உலோக முனை வைத்த பிழிபையில் பிழிந்தால் ரோஜா மாதிரி வருகிறது, மூக்கு வருவதில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துப் பழகினேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தினமும் உருளைக்கிழங்கு. ஒரு நாள் கோணல் மூக்குகளோடு அப்படியே தோசைக்கல்லில் வாட்டிக் கொடுத்தேன்.

சின்ன வயதில் கல்யாண வீட்டுப் பின்கட்டில் ஜாங்கிரி பிழிவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கெட்டித் துணியின் நடுவில் ஒரு துளை, துளையைச் சுற்றிக் காஜா தைத்திருக்கும். உளுந்து மாவை அதில் வைத்து முடிந்து, எண்ணெய்க்கு மேலே கையைச் சுழற்றுவார் மாஸ்டர். முதலில் வளையம், பிறகு அதன்மேல் சங்கிலி. கையில் ஒரு தடுமாற்றம் இருக்காது. அதுவும் பிழிபைதான், பெயர்தான் வேறு. இதை எல்லாம் நான் மனைவியிடம் பெரிய ஆராய்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் ரவைத் தூக்கைத் திறந்து மக்ரூனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு? மருதாணிக் கோன்ல புள்ளி வச்சா இப்படித்தானே நிக்கும்?"

பால் பாக்கெட் கவரைக் கழுவித் துடைத்து, குறுக்கே வெட்டி, சுருட்டி, டேப் ஒட்டிக் கொடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு காட்டினாள். கோனைச் சாய்க்கக் கூடாது, செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். அடி பரவும்வரை அழுத்த வேண்டும். உயர்த்தும்போது அழுத்துவதை முதலில் நிறுத்திவிட்டு, அப்புறம் மணிக்கட்டை லேசாகத் திருப்பி எடுக்க வேண்டும். நான் ஏழு மாதமாக அழுத்திக்கொண்டே தூக்கியிருக்கிறேன். அதனால்தான் மூக்கு வால் மாதிரி நீண்டு பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் எத்தனை கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைத்திருக்கிறாள், நான் யூடியூபில் பெல்ஜியம்காரர் ஒருவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழை இல்லாத ஒரு சனிக்கிழமை. ஈரக்காற்றில் சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். முதலில் அவள் ஒரு தட்டு பிழிந்தாள், பிறகு நான். வெப்பமானி காட்டிய 100 டிகிரியில் இரண்டு மணி நேரம். அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் ராத்திரி முழுக்க ஓவனுக்குள்ளேயே விட்டேன். காலையில் திறந்தபோது எல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன. தொட்டால் சாக்பீஸ் மாதிரி காய்ந்திருந்தன. மொத்தம் 43.

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் கீழ்வீட்டு டப்பா, அந்தப் பக்கம் குத்துச்சட்டி. எனக்கு எட்டு வயதாகிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சாய்ந்த மூக்கு, சட்டிக்கு. மூக்கில் வெடிப்பு, சட்டிக்கு. இரண்டு ஒட்டிக்கொண்டது, சட்டிக்கு. "இது நல்லாத்தானம்மா இருக்கு" என்று நான் ஒன்றைக் காட்டினேன். "நெத்தி கோணலா இருக்குய்யா" என்றாள். கடைசியில் தேறியது 17. ஒற்றைப்படை, நல்லது என்று சொல்லி மூடியைப் போட்டாள். அந்தப் பதினேழில் நான் பிழிந்தது இரண்டு.

அக்கா டப்பாவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். "இத எப்படித் தம்பி கடிக்கிறது?" என்றார். பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூக்கைத்தான் முதலில் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எனக்கு உள்ளுக்குள் பனிமய மாதா திருவிழாவே நடந்தது.

"மொத்தம் இவ்வளவுதான் வந்துச்சா?"

நான் கணக்குப்பிள்ளை, வாயில் பொய் எண் வராது. "நாப்பத்து மூணுக்கா."

"மீதி?"

"அது... மூக்கு சரியா வரல. அம்மா தனியா எடுத்து வச்சிட்டாங்க."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதையும் கொண்டாங்க தம்பி. நான் என்ன வேத்தாளா?"

மேலே ஓடினேன். குத்துச்சட்டியில் ஒன்பதுதான் மிச்சம். மகள் கதவுக்குப் பின்னால் நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணத்தில் அந்த ஒன்பதையும் போட்டபோது அம்மா பதறிப்போனாள். "எய்யா, அத எதுக்குக் கொண்டுபோற?" அக்கா கேட்டாங்கம்மா என்றேன். அம்மா கிண்ணத்தை வாங்கினாள். ஒன்பதில் ரொம்ப மோசமாக இருந்த இரண்டை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு மீதியைக் கொடுத்தாள்.

போன சனிக்கிழமை அந்தக் கிண்ணம் திரும்பி வந்தது, மேலே ஒரு தட்டு கவிழ்த்து. திறந்தால் அச்சுமுறுக்கு. பூப்பூவாக இருக்க வேண்டியது. எல்லாம் பாதி, கால், வெறும் இதழ். அச்சைவிட்டு இறங்காமல் குச்சியால் குத்தி எடுத்த தடம்கூடத் தெரிந்தது. ஒன்றுகூட முழுசு இல்லை.

அம்மா அதைக் குத்துச்சட்டியில் கொட்டிவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.